நகல்: மாமனாருக்கு

"ஹலோ" என்று அவன் தட்டினான். சர்வர் வாயைத் திறக்கவில்லை.

மறுபடியும் தட்டினான். கெஞ்சலாக ஒரு முறை, அதட்டலாக ஒரு முறை. ஒன்றும் நடக்கவில்லை.

"அட, ஹலோங்கறேன்ல!" என்று கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டான்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "யார்கிட்ட பேசறீங்க?"

"சர்வர்கிட்ட."

"அது பேசுதா?"

"பேசும், பேசும். இப்பதானே பொறந்திருக்கு."

"அத்தானோடது பேசுதாம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பத்து நாளாக இந்த அத்தான்தான் அந்த வீட்டில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். கண்ணில் படமாட்டார், காதோரம் சத்தம் மட்டும் நிற்காது.

அத்தான் என்பவர் அவளுடைய அக்கா கணவர். அதாவது அவனுக்குச் சகலை. தொழில் பல் மருத்துவம். அவனோ லிஃப்ட் கம்பெனியில் புரோகிராமர். எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்த மாடியில் நிற்க வேண்டும் என்று பதினான்கு வருடமாக லிஃப்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறவன். மாமனார் வீட்டில் இருவரையும் பெயர் சொல்லி யாரும் குறிப்பிடுவதில்லை. அவர் பல் மாப்பிள்ளை, இவன் லிஃப்ட் மாப்பிள்ளை. பல் மாப்பிள்ளை வந்தால் கை வைத்த நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். லிஃப்ட் மாப்பிள்ளை வந்தால், "தண்ணி மோட்டார் உறுமுது, ஒரு பார்வை பாருங்களேன்" என்பார்கள்.

பத்து நாளைக்கு முன்னால் மனைவி போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "அப்பா பேசினார். அத்தான் சொந்தமா மெயில் சர்வர் செஞ்சிருக்காராம், இ-மெயிலுக்குன்னே வீட்டுக்குள்ள ஒரு தபாலாபீஸ் மாதிரி. அக்கா பேர்லயே முகவரியாம்."

"யாரு, பல்லா?"

"ம். பொழுதுபோகலைன்னு செஞ்சாராம்."

பொழுதுபோகலைன்னு! பல் பிடுங்குகிறவர் பொழுதுபோகாமல் சர்வர் எழுதுகிறார். எழுதுவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

"இதெல்லாம் பைதான் மொழியில நாற்பது வரி. யார் வேணா செய்யலாம்" என்றான்.

"அப்ப செய்ய வேண்டியதுதானே?"

"எனக்கு எங்க நேரம்?"

"அதுவும் சரிதான். அத்தான் கிளினிக்லதான் கூட்டமே இல்லையே" என்றாள் அவள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். கூட்டல் கழித்தல் எல்லாம் முகத்தை மாற்றாமலே செய்வாள்.

அவள் எதையும் கேட்டுவிடவில்லை. கேட்டிருந்தால் மறுத்துவிட்டுத் தூங்கியிருப்பான். அவனுக்கு இப்போது வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. அவள் அக்காவோடு போனில் பேசும்போது, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், ரொம்பச் சாதாரணமாக, "எங்க வீட்லயும் இருக்குக்கா" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. அந்த மூன்று வார்த்தைக்காகத்தான் அவன் இப்போது குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

குளியலறை வாசலில் ஏன் என்றால், இன்டர்நெட் ஒயர் அதுவரைதான் எட்டியது. அங்கே வாஷிங் மெஷின் இருந்தது. மெஷின் மேல் பழைய லேப்டாப். அதற்குள் சர்வர்.

யாரோ எழுதி வைத்த ரெடிமேட் துண்டுகளை எடுத்து ஒட்டினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் சகலை அப்படித்தான் செய்திருப்பார் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டதால், ஒவ்வொரு எழுத்தையும் தானே எழுதுவதாகச் சபதம் எடுத்திருந்தான். மெயில் சர்வர்கள் மரியாதை தெரிந்தவை. கடிதம் கொண்டு வருகிறவர் முதலில் ஹலோ சொல்வார். சர்வரும் பதிலுக்கு ஹலோ சொல்ல வேண்டும். பிறகு யாரிடமிருந்து, யாருக்கு என்று விசாரிப்பு. அப்புறம்தான் கடிதம். கடிதம் முடிந்தது என்பதற்கு அடையாளம், தனி வரியில் ஒரே ஒரு புள்ளி.

மூன்றாம் நாள் சர்வர் ஹலோ சொன்னது.

"பேசிடுச்சு!" என்று கத்தினான்.

"என்ன சொல்லுச்சு?"

"ஹலோ."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்... இனிமேதான்."

"டெஸ்ட்" என்று தனக்குத்தானே ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தான். வந்தது. "டெஸ்ட் இரண்டு". அதுவும் வந்தது. இனி வெளியாள் ஒருவர் கடிதம் போட்டுப் பார்க்க வேண்டும். ஆபீஸ் நண்பர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். சகலையிடம் கேட்பதைவிட அவரிடமே ஒரு பல்லைக் கொடுத்துவிடலாம். மிச்சம் இருந்தவர் மாமனார்.

மாமனார் தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் கடிதம் பிரித்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்னும் தினமும் பதினொரு மணிக்கு வாசல் கேட்டில் தொங்கும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். உள்ளே மெத்தைக் கடை விளம்பரம் இருக்கும். அதையும் எடுத்துப் படித்துவிட்டு, நாலாக மடித்து வைப்பார்.

"மாமா, என் சர்வருக்கு ஒரு லெட்டர் போடறீங்களா? சும்மா டெஸ்ட்டுக்கு."

"போட்டாப் போச்சு மாப்பிள்ளை! இப்பவே உக்கார்றேன்!" என்றார் மாமனார். குரலில் நாற்காலியை இழுக்கும் சத்தமும் சேர்ந்து கேட்டது.

அன்று மாலை கடிதம் வந்தது. "அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நலம், நலமறிய ஆவல்." அவ்வளவுதான்.

சரி, அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நினைத்தான். மறுநாள் இன்னொன்று: "நேற்று எழுதிய கடிதம் கிடைத்திருக்கும் என நம்புகிறேன்." அதற்கு மேல் வெறும் வெள்ளை.

"உங்கப்பா எனக்கு ஒரு வரிக்கு மேல எழுத மாட்டாராமா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"டெஸ்ட்டுக்குத்தானே கேட்டீங்க?"

"இருந்தாலும்... பல்லுக்கு எவ்வளவு எழுதறார்னு கேட்டுச் சொல்லேன்."

அவள் போன் போட்டாள். ஸ்பீக்கரில் மாமனார் கொதித்தார். "ஒரு வரியா? மூணு பக்கம் எழுதினேம்மா! உங்கம்மா முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் எழுதினேன். பெரிய மாப்பிள்ளைக்கும் மூணு பக்கம், இவருக்கும் மூணு பக்கம். நான் பாரபட்சம் பார்க்கறவனில்ல!"

மனைவி போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "படிக்காமலே குறை சொன்னீங்களா?"

"சத்தியமா ஒரு வரிதான் வந்துச்சு!"

"அத்தானுக்கு மூணு பக்கமும் போயிருக்கும்."

அவன் ஓடிப்போய் வாஷிங் மெஷின் முன்னால் நின்று, சர்வர் எழுதிவைத்த நாட்குறிப்பைத் திறந்து பார்த்தான். உண்மை புரிந்தது. தனி வரியில் ஒரு புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்பதற்குப் பதிலாக, எந்த வரியின் கடைசியில் புள்ளி வந்தாலும் முடிந்தது என்று எழுதிவைத்திருந்தான். மாமனார் பழைய காலத்து மனிதர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அழுத்தமாகப் புள்ளி வைப்பவர். முதல் வாக்கியத்தோடு கடிதம் முடிந்ததாக நினைத்துக்கொண்ட சர்வர், மீதி மூன்று பக்கத்தையும் தனக்கு வந்த உத்தரவு என்று எடுத்துக்கொண்டு, வரிக்கு வரி பதில் சொல்லியிருந்தது.

"உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை."

புரியவில்லை.

"இரவெல்லாம் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது."

புரியவில்லை.

"நேரம் கிடைக்கும்போது பதில் போடவும்."

புரியவில்லை.

தன் மாமனாரிடம் ஒரு வாஷிங் மெஷின் இத்தனை தடவை முகத்தில் அடித்தாற்போல் பேசியிருக்கிறதே என்று அவனுக்கே கூசியது. புள்ளியே வேண்டாம் என்று அந்த வரியைக் கோபத்தோடு அழித்தான்.

இப்போது எந்தக் கடிதமும் முடியவில்லை. வந்ததெல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகப் புகுந்து ஒட்டிக்கொண்டு, ஒரே கடிதமாக நீண்டுகொண்டே போயின. இதற்குள் மனைவி, வீட்டுச் சர்வரை நம்பி, பள்ளியில் புது முகவரியைக் கொடுத்திருந்தாள்.

"என்னங்க இது?" என்று அவள் வாசித்தாள். "'உங்கம்மா முழங்காலுக்குத் தினமும் எண்ணெய் தடவி ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவரையும் வெயிலில் நிற்க வைக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டு நாயிடம்...' இதுல எது எங்க ஹெட்மிஸ்ட்ரஸ், எது எங்கப்பா?"

"முழங்காலும் நாயும் மாமா" என்றான் அவன், மெதுவாக.

"நடுவுல மீட்டிங்னு ஒரு வரி இருக்கே. எப்ப?"

அவன் திரையைக் கீழே தள்ளித் தேடினான். "நேத்து."

அவள் பழைய முகவரியைக் காகிதத்தில் எழுதிப் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அத்தான் பெயரைக்கூட எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

இரண்டு நாளில் புள்ளியைச் சரிசெய்தான். மூன்று பக்கக் கடிதம் மூன்று பக்கமாகவே வர ஆரம்பித்தது. போகும் கடிதமும் முழுசாகப் போகிறதா என்று பார்க்க வேண்டுமே. அதற்காக அவனும் மாமனாருக்கு மூன்று பக்கம் எழுதினான். எழுத விஷயம் இல்லாததால், ஆறாவது மாடியில் மட்டும் நிற்காமல் அடம்பிடித்த லிஃப்டைப் பற்றி எழுதினான். மனைவி தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்வதைப் பற்றி எழுதினான். கடைசியில் "டெஸ்ட் பதினாறு" என்று கையெழுத்துப் போட்டான்.

வியாழக்கிழமை மாமனார் போன் செய்தார். "ஒண்ணு பண்ணலாம் மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை ரெண்டு குடும்பமும் இங்க வந்துடுங்க. யாரோட சர்வர் ஒழுங்குன்னு நானே பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் அனுப்பற ஒவ்வொரு லெட்டருக்கும் எனக்கு ஒரு நகல் போட்டுடுங்க. அதிகாரிக்கு ஆதாரம் வேணும் பாருங்க."

போட்டி என்று ஆனபின் வெறும் சர்வர் போதுமா? கூடவே ஒரு அழகு வேண்டாமா? எந்தக் கடிதம் வந்தாலும் அந்த நொடியே, "தங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி." என்று தானாகப் பதில் போகும்படி எழுதினான். பல்லுக்கு இது தோன்றியிருக்கவே இருக்காது.

சனிக்கிழமை காலை, ஆபீஸ் கிளம்பும்போது, சகலைக்கு இரண்டு வரி அனுப்பினான்: "வணக்கம் சகலை. இது என் சொந்த சர்வரிலிருந்து வருகிறது. நகல்: மாமனாருக்கு." செருப்பை மாட்டிக்கொண்டு, விசில் அடித்தபடி படியிறங்கினான்.

மத்தியானம் திரும்பி வந்தபோது குளியலறைப் பக்கம் அனல் அடித்தது. லேப்டாப் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. திரை முழுக்க, "பதில்: பதில்: பதில்: பதில்:" என்று எறும்பு வரிசை மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

பல்லுக்கும் அந்த அழகு தோன்றியிருந்தது.

அவருடைய சர்வர், "தங்கள் மடலுக்கு உளமார்ந்த நன்றி." என்று தானாகப் பதில் போட்டிருக்கிறது. அதற்கு இவனுடைய சர்வர் நன்றி சொல்லியிருக்கிறது. அந்த நன்றிக்கு அது நன்றி. இந்தச் சகலைகள் நேரில் பேசிக்கொண்டு நாலு மாதமாகிறது. சர்வர்கள் இரண்டும் காலையிலிருந்து இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு முறை ஒன்றையொன்று மெச்சிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் மாமனாருக்கு.

"ஒயரைப் பிடுங்குங்க!" என்றாள் மனைவி.

அவன் ஒயரில் கை வைத்தான். பிறகு எடுத்துவிட்டான். "நான் முதல்ல பிடுங்கினா, பல்லோட சர்வர் தாங்குச்சு, என்னோடது தாங்கலைன்னு ஆயிடும்."

"அப்ப அத்தானுக்குப் போன் போடுங்க!"

போட்டான். பின்னணியில் யாரோ வாயைத் திறந்தபடி முனகும் சத்தம் கேட்டது.

"என்ன சகலை, சர்வர் எல்லாம் நல்லா ஓடுதா?" என்றான் இவன்.

"பிரமாதமா ஓடுது சகலை. உங்களோடது?"

"பஞ்சு மாதிரி. சூடெல்லாம் ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே, எதுக்கு சூடு? ஏன், உங்களோடது சூடா இருக்கா?"

"சேச்சே."

"அப்ப ஓடட்டும்."

"ஓடட்டும், ஓடட்டும்."

போனை வைத்துவிட்டு, ஹாலில் இருந்த டேபிள் ஃபேனை எடுத்து வந்து லேப்டாப்புக்கு வைத்தான். மனைவி கூடை நிறைய அழுக்குத் துணியோடு நின்றிருந்தாள்.

"இது மேல சர்வர் ஒக்காந்து பதினேழு நாளாச்சு. நாளைக்கு எங்கப்பா வீட்டுக்கு என்னத்தைப் போட்டுக்கிட்டுப் போறது?"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

அவள் காதில் வாங்கவில்லை. துணியைப் போட்டு, மூடியைச் சாத்தி, பொத்தானைத் திருகினாள். அலசுகிற வரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. பிழிய ஆரம்பித்ததும் லேப்டாப் நடக்கத் தொடங்கியது. நன்றி சொல்லிக்கொண்டே ஓரத்துக்கு வந்தது. நன்றி சொல்லிக்கொண்டே ஒயரை விட்டது. அவன் பாய்ந்து பிடித்துவிட்டான். லேப்டாப் பிழைத்தது. ஆனால் திரையில் இருந்த கடைசி நன்றி பல்லுடையது. அதற்குப் பதில் போகவில்லை.

நாலாயிரத்து நூற்று இரண்டாவது நன்றியில் அவன் தோற்றுப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுப் படியேறும்போது, தலைமை ஆசிரியர் அறைக்குப் போகிற பையன் மாதிரி இருந்தது அவனுக்கு. சகலை ஏற்கெனவே வந்திருந்தார். கை வைத்த நாற்காலியில் உட்காராமல், சுவர் ஓரமாக நின்றிருந்தார். முகத்தில் களையே இல்லை.

"உங்களோடது திடீர்னு நிறுத்திடுச்சே சகலை" என்றார். "கோவமோன்னு பயந்துட்டேன்."

"கோவமெல்லாம் இல்ல. துணி துவைச்சோம்."

சகலை தலையாட்டினார். "என்னோடது கிளினிக்ல ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல இருக்கு. நேத்து ஒரு நோயாளிக்குக்கூட நேரம் கொடுக்க முடியல. பதினோரு பேர் ஒரே சமயத்துல வாயைத் திறந்துக்கிட்டு வந்துட்டாங்க."

உள்ளே அக்கா தங்கச்சியைக் கேட்டது இவன் காதில் விழுந்தது. "ஏண்டி, உன் வீட்டுக்காரரும் அந்த சர்வரைக் கட்டிக்கிட்டுத்தான் அழறாரா?"

"எங்க வீட்லயும் இருக்குக்கா" என்றாள் அவன் மனைவி, சலிப்போடு. "வாஷிங் மெஷின் மேல."

மூன்று வார்த்தையும் வந்துவிட்டது. தொனி மட்டும் கொஞ்சம் வேறு. இருந்தாலும் அவன் நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்ததை மறைப்பதற்கில்லை.

"வாங்க, வாங்க!" என்று மாமனார் கூடத்துக்குக் கூப்பிட்டார். துவைத்த சட்டை, படிய வாரிய தலை, காதில் பேனா. மேஜை மேல் காகிதக் கட்டுகள், நூல் போட்டுக் கட்டி, தேதிவாரியாக அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சிறிய சீட்டு. பல். லிஃப்ட். பல். லிஃப்ட்.

"முதல் முந்நூறு பிரிண்ட் போட்டேன், மை தீந்துபோச்சு" என்றார். "மீதியைத் திரையிலேயே பிரிச்சுட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கல. என் சர்வீஸ்ல ஒரே நாள்ல ரெண்டு பேர்கிட்டேருந்து இவ்வளவு தபால் பார்த்ததில்ல!"

"மாமா, அதெல்லாம் வந்து... வெறும் நன்றிதான்" என்று இவன் தயங்கினான்.

"வெறும் நன்றியா? எத்தனை பேர் எழுதறாங்க அதை?" என்று அவர் ஒரு கட்டைத் தட்டினார். தனியாக ஒரு கட்டு மட்டும் அவர் மடியிலேயே இருந்தது. அதன் மேல்தாளில் ஆறாவது மாடி லிஃப்ட் தெரிந்தது. அதன் அடியில், சகலை எழுதிய மூன்று பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. தலைப்பு: 'டெஸ்ட் பத்தொன்பது'.

"தீர்ப்பு, மாமா?" என்றார் சகலை.

"சமம்" என்றார் மாமனார். "அதனால நிறுத்தக் கூடாது. இன்னும் ஒரு மாசம் பார்க்கணும்." அதற்குள் கடிகாரம் பதினொன்று அடித்தது. அவர் எழுந்து, பழக்கம் விடாமல், வாசல் பெட்டியைத் திறக்கப் போனார்.

மாமியார் இரண்டு தம்ளர் டீயை மாப்பிள்ளைகள் கையில் கொடுத்தார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அவர்கிட்ட நான் சொன்னதா காட்டிக்காதீங்க, மாப்பிள்ளை: போன மாசம் ஒரே நாள்ல, 'பெரியவர் சர்வர் செஞ்சுட்டார்'னு சின்னவ வீட்டுக்கும், 'சின்னவர் செஞ்சுட்டார்'னு பெரியவ வீட்டுக்கும் இதே கூடத்துல நின்னு போன் போட்டார், அன்னிக்கு உங்க ரெண்டு பேர் வீட்லயும் ஒரு சர்வரும் கிடையாதுன்னு தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல, ரெண்டு வருஷமா மனுஷனுக்கு ஒரு கடுதாசிகூட வரல."